பாட்டிலை அறுத்துப் பார்த்த பிறகு

சென்ற மாதம் என் மிதிவண்டியின் பழைய தண்ணீர் பாட்டிலைக் கூரிய கத்தியால் குறுக்காக இரண்டாக அறுத்தேன். மூன்று ஆண்டுகள் ஃப்ரேமில் உள்ள தாங்கியில் ஏறி இறங்கி, மழையிலும் வெயிலிலும் என்னோடு வந்த பாட்டில் அது. அச்செழுத்துகள் தேய்ந்திருந்ததைத் தவிர வெளியே பெரிய குறையேதும் தெரியவில்லை. உள்ளே அடிப்பகுதியின் வளைவில் மங்கலான வெண்படலமும், பிரஷ் உரசி உரசி ஏற்பட்ட எண்ணற்ற கீறல்களும் இருந்தன. மூடியின் உறிஞ்சுமுனையைக் குறடால் பிடித்துக் கழற்றியபோதுதான் முகம் சுளித்தேன். முனைக்கு அடியில், எந்தப் பிரஷ்ஷும் எட்டாத வளையத்தில், கரிய பூஞ்சணம் வட்டமாகப் படிந்திருந்தது. இத்தனை நாளும் அதன் வழியாகத்தான் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

மிதிவண்டி ஓட்டுவோர் நான்கு பேர் கூடினால், பிளாஸ்டிக் பாட்டில் உடம்புக்கு ஆகுமா என்ற பேச்சு எப்படியோ வந்துவிடுகிறது. பிளாஸ்டிக் என்றாலே நஞ்சு என்பார் ஒருவர்; பல ஆண்டுகளாக அதில்தான் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்பார் இன்னொருவர். எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம், உள்ளே என்ன பானம், பாட்டிலுக்கு எத்தனை வயது என்று இருவருமே கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அறுத்த பாட்டிலை மேசைமேல் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்கு விடை தேடத் தொடங்கினேன். தேடலின் முடிவில் என் அச்சம் குறையவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது.

முதலில் பொருளைப் பார்ப்போம். கையால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் மிருதுவான மிதிவண்டி பாட்டில்களில் பெரும்பாலானவை அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனால் ஆனவை. அடியில் உள்ள முக்கோணக் குறிக்குள் 4 என்ற எண் இருந்தால் அது இந்த வகை. மூடி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன், அதன் எண் 5. உறிஞ்சுமுனையும் வால்வும் சிலிக்கோன் அல்லது ரப்பர் போன்ற வேறொரு மென்பொருளாக இருக்கும். ஆக, ஒரு பாட்டில் என்று நாம் சொல்வது மூன்று நான்கு பொருள்களின் கூட்டு. அந்த முக்கோண எண்ணைப் பாதுகாப்புச் சான்றாகக் கருதுவோர் பலர் உண்டு. உண்மையில் 1988இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் அதை வகுத்தது, குப்பையில் வரும் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக்காக இனம் பிரிப்பதற்கே. குடிப்பதற்கு உகந்ததா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அது பொருளின் பெயரை மட்டுமே சொல்கிறது. பெயர் தெரிந்தால் மற்றதைத் தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் பயன்.

பிளாஸ்டிக் பாட்டில் குறித்த அச்சத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு வேதிப்பொருளிலிருந்து பிறந்தது. பிஸ்பீனால்-ஏ, சுருக்கமாக பிபிஏ. 1891இல் ரஷ்ய வேதியியலாளர் தியானின் அதை முதன்முதலில் உருவாக்கினார். 1930களில் பிரிட்டிஷ் விஞ்ஞானி சார்லஸ் டாட்ஸ், செயற்கைப் பெண்மை ஹார்மோனுக்கு ஏற்ற பொருள்களைத் தேடியபோது, அது ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்வதைக் கண்டார். அதாவது, கண்ணாடிபோல் தெளிவும் உறுதியும் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளாக அது உலகெங்கும் பரவுவதற்கு முன்பே, அதன் ஹார்மோன் குணம் அறியப்பட்டிருந்தது. அப்படி அறிந்தும் அதைத் தண்ணீர் பாட்டிலுக்குக் கொண்டுவந்தார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரீசியா ஹன்ட் என்ற மரபியலாளரின் ஆய்வகத்தில் நடந்தது, பாட்டில் கழுவும் எவரும் அறிய வேண்டிய ஒன்று. எலிகளின் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் ஒருவர் தவறுதலாக, தரை கழுவும் காரமான சோப்பால் கழுவிவிட்டார். பிளாஸ்டிக் சிதைந்து பிபிஏ வெளியேறியது. எந்தச் சோதனைக்கும் உட்படுத்தப்படாத, ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்திருந்த எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு 1, 2 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு உயர்ந்துவிட்டது. காரணத்தை உறுதி செய்து 2003இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையே பிபிஏ பற்றிய பொதுவிவாதத்துக்குப் பெரிய தூண்டுகோலானது. சோப்பின் காரமும் சூடும் சேர்ந்தால் ஒரு பிளாஸ்டிக் என்ன ஆகும் என்பதை அந்த எலிகள் தம் உடம்பால் காட்டின.

மனிதரிடம் நேரடியாகச் செய்த ஒரு சோதனையும் உண்டு. 2009இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 77 மாணவர்களை ஒரு வாரம் பாலிகார்பனேட் பாட்டில்களிலிருந்து குளிர்ந்த பானங்களைக் குடிக்கச் சொல்லி அவர்களது சிறுநீரைச் சோதித்தனர். பிபிஏ அளவு 69 சதவீதம் கூடியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் செய்த இன்னொரு ஆய்வில், கொதிநீர் பட்ட பாலிகார்பனேட் பாட்டில்கள் முன்பைவிட 15 முதல் 55 மடங்கு வேகமாக பிபிஏவை வெளியேற்றின. பாட்டில் புதியதா பழையதா என்பதைவிட, உள்ளே ஊற்றிய நீரின் சூடே அங்கு முக்கியமாக இருந்தது.

அரசுகளும் படிப்படியாக அசைந்தன. கனடா 2008இல் குழந்தைகளின் பால் பாட்டில்களில் பிபிஏவைத் தடை செய்யும் முடிவை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அதே தடையைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை பொறுக்கத்தக்கது என்றது. அதே ஆணையம் 2023இல் அந்த அளவை 0.2 நானோகிராமாகக் குறைத்தது (ஆயிரம் நானோகிராம் ஒரு மைக்ரோகிராம்). இது முன்னதில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் இதை ஏற்காமல் 200 நானோகிராம் என்று தனியாக ஒரு கணக்குச் சொன்னது. ஒரே தரவை ஆராய்ந்த இரண்டு பொறுப்பான அமைப்புகள் ஆயிரம் மடங்கு வேறுபடுகின்றன என்றால், நாம் மட்டும் உறுதியாகப் பேசுவதில் பொருளில்லை. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம், உணவோடு தொடும் பொருள்களில் சில விலக்குகளைத் தவிர பிபிஏவுக்குத் தடை விதித்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மிதிவண்டியில் மாட்டும் மிருதுவான பாட்டிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பாலிஎத்திலீன் தயாரிப்பில் பிபிஏவுக்கு வேலையே கிடையாது. அழுத்தினால் குழியும் பாட்டிலின் மேல் "பிபிஏ அற்றது" என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது, உப்புப் பொட்டலத்தில் "கொழுப்பு அற்றது" என்று அச்சிடுவதைப் போன்றது. சொன்னது பொய்யில்லை, ஆனால் வாங்குபவருக்கு அதில் புதிய தகவலும் இல்லை. அழுத்த முடியாத, கெட்டியான, கண்ணாடிபோல் பளபளக்கும் பழைய பாட்டில் ஒன்று பரணில் கிடந்து அதன் அடியில் 7 என்ற எண் இருந்தால் மட்டும் நான் அதைக் குடிக்கப் பயன்படுத்த மாட்டேன். 7 என்பது "மற்றவை" என்ற பொதுப்பிரிவு என்பதால் அதில் பிபிஏ இல்லாத பிளாஸ்டிக்குகளும் அடங்கும். ஆனால் வயது தெரியாத பாட்டிலுக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை.

பிபிஏ இல்லை என்பதால் வேறெதுவும் இல்லை என்றாகிவிடாது. வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பின் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்தால் வரும் அந்தப் பிளாஸ்டிக் சுவையை எல்லோரும் அறிவோம். நாக்கு உணர்கிறது என்றாலே ஏதோ ஒன்று தண்ணீரில் கலந்திருக்கிறது என்றுதான் பொருள். பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் தண்ணீரில் கரைவதில்லை. ஆனால் அச்சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படாமல் கிளை கிளையாகத் தளர்வாக இருப்பதால், அவற்றுக்கிடையே சிறிய மூலக்கூறுகள் எளிதாக நடமாடுகின்றன. பிளாஸ்டிக் சீக்கிரம் உளுத்துப்போகாமல் காக்கும் பொருள்கள், வார்க்கும் அச்சிலிருந்து பாட்டில் எளிதில் கழன்று வரச் சேர்க்கும் வழுக்குப் பொருள்கள், நிறமிகள், வெளியே அச்சடித்த மையின் மிச்சங்கள் எனப் பலவும் அந்த வழியில் உள்ளே வரலாம். நடமாட்டம் இருதிசையிலும் நடக்கிறது. நேற்று ஊற்றிய எலுமிச்சைப் பானத்தின் வாசம், பாட்டிலை நன்றாகக் கழுவிய பின்னும் இன்றைய தண்ணீரில் தங்கியிருப்பது இதனால்தான். பாட்டிலைப் பிசைய முடிகிற அந்தத் தளர்ச்சியே வாசத்தையும் உள்ளே விடுகிறது.

2022இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் செலினா டிஸ்லரும் யான் கிறிஸ்டென்சனும் வெளியிட்ட ஆய்வு நம் பாட்டிலுக்கு நேரடியாகப் பொருந்துவது; ஏனெனில் விளையாட்டு வீரர்கள் அழுத்திக் குடிக்கும் மிருதுவான பாட்டில்களைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டனர். குழாய்நீரை அவற்றில் 24 மணி நேரம் வைத்திருந்து சோதித்ததில், பிளாஸ்டிக்கிலிருந்து வந்தவையாக 400க்கும் மேற்பட்ட பொருள்களும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சோப்பிலிருந்து வந்தவையாக 3,500க்கும் மேற்பட்ட பொருள்களும் தென்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை இன்னவை என்று அடையாளம் காணப்படாதவை. இயந்திரத்தில் கழுவிய பின் கசிவு கூடியது. பலமுறை அலசிய பின்னும் முழுதாக நிற்கவில்லை. இந்த எண்களைக் கண்டு நானும் முதலில் திடுக்கிட்டேன். ஆனால் அது எத்தனை வகைப் பொருள்கள் என்ற கணக்கு; அவை ஒவ்வொன்றும் எவ்வளவு, அந்த அளவு தீங்கு செய்யுமா என்பது வேறு கணக்கு. இன்றைய கருவிகள் மிக மிகச் சிறிய அளவையும் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆயினும் இதிலிருந்து உடனே கடைப்பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று கிடைக்கிறது: பாட்டிலை இயந்திரத்தில் போட வேண்டாம், கையால் கழுவுங்கள், தண்ணீரை முந்தைய இரவே நிரப்பி வைக்க வேண்டாம், கிளம்பும்போது நிரப்புங்கள். நான் பல ஆண்டுகள் இரண்டையும் தவறாகவே செய்திருக்கிறேன்.

சூட்டைப் பற்றி ஒரு தெளிவு தேவை. ஓடும் வண்டியில் காற்று படும் பாட்டில் அப்படியொன்றும் கொதித்துவிடுவதில்லை. வெதுவெதுப்பாகும், சுவை கெடும், அவ்வளவுதான். உண்மையான சூடு, மிதிவண்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு புறப்படும் இடத்துக்குப் போகும்போதும், முடித்துவிட்டு மிச்சத் தண்ணீரோடு பாட்டிலைக் காரிலேயே விட்டுவிடும்போதும் ஏற்படுகிறது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் வெப்பம் எளிதாக 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; முன்கண்ணாடிக்கு அடியில் இன்னும் அதிகம். அங்கே கிடந்த தண்ணீரை நான் இப்போது செடிக்கு ஊற்றிவிடுகிறேன்.

கடையில் வாங்கிய ஒருமுறைப் பயன்பாட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தாங்கியில் செருகிக்கொண்டு மாதக்கணக்கில் நிரப்பி நிரப்பிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். அது பெட் எனப்படும் பிளாஸ்டிக், எண் 1. அதன் முழுப்பெயரில் "தாலேட்" என்ற ஒலி வருவதால், ஹார்மோனைக் குலைக்கும் தாலேட் மென்மையூட்டிகள் அதில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. தயாரிப்பில் பயன்படும் ஆன்டிமனி என்ற உலோகம் சிறிதளவு கசியும். 2008இல் அரிசோனாவில் செய்த ஆய்வு ஒன்றின்படி, அமெரிக்கக் குடிநீர் வரம்பான நூறு கோடியில் 6 பங்கு என்ற அளவை அது எட்டுவதற்கு 60 டிகிரியில் 176 நாள் ஆகும். 85 டிகிரியிலோ ஒன்றரை நாள்கூட ஆகாது. பயணத்தில் ஒரு நாள் ஆபத்துக்கு உதவினால் அதில் தவறில்லை. ஆனால் அந்த மெல்லிய சுவர் நசுங்கி நசுங்கி நுண்கீறல்கள் விடும், கழுவப் பிரஷ் நுழையாது, தாங்கியிலும் உறுதியாக நிற்காது.

நுண்பிளாஸ்டிக் இன்னும் முடிவு தெரியாத வழக்கு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 ஜனவரியில், பாட்டிலில் அடைத்து விற்கும் நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதாகவும் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு நானோ அளவிலானவை என்றும் அறிவித்தனர். அதே ஆண்டு மார்ச்சில் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியில் அடைப்பு நீக்கப்பட்ட 257 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், 58 சதவீதத்தினரின் அடைப்புப் படிவத்தில் பாலிஎத்திலீன் இருந்ததையும், படிவத்தில் பிளாஸ்டிக் காணப்பட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் வாய்ப்பு நான்கரை மடங்கு கூடுதலாக இருந்ததையும் பதிவு செய்தனர். பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. அந்தப் பாலிஎத்திலீன் பாட்டிலிலிருந்து வந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதானே என்ற எண்ணம், கீறல் விழுந்த என் பாட்டிலின் உட்சுவரைப் பார்த்தபோது எழாமல் இல்லை. உராய்வு துகள்களை உண்டாக்கும் என்பதில் ஐயமில்லை: மூடியைத் திருகுவது, முனையைப் பல்லால் இழுப்பது, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பது எல்லாமே உராய்வுதான். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நொய்ந்த பிளாஸ்டிக் இன்னும் எளிதாக உதிரும்.

இப்போது அந்தக் கரிய வளையத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், மிதிவண்டிக்காரருக்குப் பாட்டிலால் இந்த வாரமே வரக்கூடிய கேடு இங்கேதான் இருக்கிறது. அழுத்திக் குடிக்கும் பாட்டில் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். அழுத்தும்போது நீர் வெளியே பாய்கிறது. கையைத் தளர்த்தியதும் பாட்டில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப, முனை வழியாகவே காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்றோடு உதட்டின் எச்சிலும், முனைமேல் இருந்த தூசியும் உள்ளே போகின்றன. உள்ளே இருப்பது சர்க்கரையும் உப்பும் கலந்த பானமாக இருந்து, அன்றைக்கே கழுவாமல் மூடி வைத்தால், கிருமிகளுக்கு உணவும் ஈரமும் இருளும் கதகதப்பும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. சாதகமான சூழலில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன. சுவரில் கை வைத்தால் வழவழவென்று உணரும் படலம் அவை கட்டிக்கொண்ட குடியிருப்பு. கீறல்கள் நிறைந்த சுவரில் அது இன்னும் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். வெறுமனே தண்ணீர் விட்டுக் குலுக்கினால் அது போகாது.

முனையின் மேல் தெறிக்கும் சேறு இன்னும் மோசம். 2007 ஜூனில் கனடாவின் ஸ்குவாமிஷ் ஊரில் நடந்த மலைப்பாதை மிதிவண்டிப் பந்தயத்துக்குப் பின், பங்கேற்றவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். கேம்பிலோபாக்டர் என்ற கிருமியே காரணம். விலங்குகளின் கழிவு கலந்த சேறு வாய்க்குள் போனதே வழி என்று விசாரணை முடிவு செய்தது. 2008இல் வேல்ஸில் நடந்த ஒரு பந்தயத்திலும் இதே கதை. சேறு பாட்டில் முனை வழியாக மட்டும் வந்ததென்று சொல்ல மாட்டேன். முகத்திலும் கையிலும் தெறித்ததும் வாய்க்குள் போயிருக்கும். ஆனால் முன்சக்கரத்துக்குப் பின்னால், சேறு வந்து விழும் பாதையிலேயே நாம் பாட்டிலை மாட்டியிருக்கிறோம் என்பதை எந்த மிதிவண்டியிலும் குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பாட்டில் கண்ணாடியாக இருந்தாலும் எஃகாக இருந்தாலும் இந்தச் சேறு அதை விட்டுவிடாது. பிளாஸ்டிக்கைப் பழிக்கும் விவாதங்களில் இது பேசப்படாமலே போவது எனக்கு வருத்தம்.

எஃகு பாட்டிலுக்கு மாறலாமே என்பார்கள். மாறிப் பார்த்தேன். கசிவுக் கவலை குறைவு, நீர் சுவையாக இருக்கும், கொதிநீரால் கழுவலாம். ஆனால் அழுத்த முடியாததால் ஒரு கையால் ஓட்டியபடி தலையை அண்ணாந்து குடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் சாலை கண்ணை விட்டு மறைகிறது. குழியில் இறங்கும்போது கடகடவென்று ஓசை வருகிறது. கூட்டமாக ஓட்டும்போது தாங்கியிலிருந்து துள்ளி விழுந்தால் பின்னால் வருபவரின் சக்கரத்துக்குக் கீழே மிருதுவான பாட்டில் போவதற்கும் எஃகு உருளை போவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. அலுமினியமும் தனக்குள் ஒரு பூச்சை வைத்திருக்கிறது; சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று, 2008 ஆகஸ்டுக்கு முன் தயாரித்த தன் அலுமினிய பாட்டில்களின் உட்பூச்சில் சிறிதளவு பிபிஏ இருந்ததை அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. வீட்டிலும் வேலையிடத்திலும் நான் எஃகில்தான் குடிக்கிறேன். வண்டிமேல் மட்டும் பிளாஸ்டிக். வாரத்தில் சில மணி நேரம் என்ற அளவில் அது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. நீர் குடிக்காமல் வெயிலில் ஓட்டுவதன் கேடு அன்றைக்கே தெரியும்.

இப்போது கடைப்பிடிக்கும் முறை எளியது. வண்டியைச் சுவரில் சாய்த்த கையோடு பாட்டிலைக் காலி செய்து, மூடியைக் கழற்றி, முனையையும் வால்வையும் பிரித்து, கை பொறுக்கும் சூட்டுள்ள நீரிலும் சிறிது சோப்பிலும் மென்மையான பிரஷ்ஷால் கழுவி, நன்றாக அலசி, மூடாமல் கவிழ்த்து உலர வைக்கிறேன். முனை கழற்ற முடியாத பாட்டிலை இனி வாங்குவதில்லை. வாங்கும்போது நான் பார்க்கும் முதல் அம்சம் அதுவே. வாரம் ஒருமுறை சமையல் சோடா கரைத்த நீரில் ஊற வைக்கிறேன். செயற்கைப் பல்லைத் தூய்மை செய்யும் மாத்திரையைப் போட்டு வைக்கும் நண்பர்களும் உண்டு, அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. மிகவும் நீர்த்த பிளீச் கரைசல் பூஞ்சணத்தைக் கொல்லும். ஆனால் அதோடு வினிகரைச் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுப்பதில்லை. இரண்டு தாங்கிகள் இருப்பதால், சர்க்கரைப் பானத்துக்கு ஒரு பாட்டில், வெறும் நீருக்கு ஒரு பாட்டில் என்று பிரித்துக்கொண்டேன். மட்கார்டு இல்லாத நாளில், முனையை மறைக்கும் சிறு தொப்பி உள்ள மூடியைப் போடுகிறேன். அது இல்லையென்றால் முதல் பீய்ச்சலைத் தரையில் விட்டு முனையைக் கழுவிய பிறகே வாயருகே கொண்டுபோகிறேன்.

டயரையும் பிரேக் கட்டையையும் தேய்ந்ததும் மாற்றுகிறோம். பாட்டிலை மட்டும் ஏனோ தொலையும்வரை வைத்துக்கொள்கிறோம், சில பந்தயங்களின் நினைவுப் பாட்டில்களைப் பூட்டியே வைக்கிறோம். புதிதாக வாங்கிய இரண்டின் அடியிலும் அழியாத மையால் மாதத்தையும் ஆண்டையும் எழுதியிருக்கிறேன். உட்சுவர் மங்கினாலோ, கழுவிய பின்னும் வாடை அடித்தாலோ, ஓராண்டு கடந்தாலோ அவற்றுக்கு வண்டியில் இடமில்லை. அறுத்த பாட்டிலின் மேல்பாதியைக் குப்பையில் போட்டேன். கீழ்ப்பாதி கொட்டகையில், சங்கிலி தேய்க்கும் பழைய பிரஷ்களையும் எண்ணெய்த் துணியையும் தாங்கியபடி நிற்கிறது.